அமாவாசைக்கு வந்த சபை

அலையன்குப்பத்து ஏலக் கொட்டகைக்குச் சுவர் கிடையாது. சுற்றிலும் தூண், மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை, அவ்வளவுதான். ஆடு நுழையலாம், நாய் நுழையலாம், எந்தப் பக்கமிருந்தும் காற்று நுழையலாம். நண்டுமேட்டுப் பெண்கள் மட்டும் நுழையக் கூடாது. அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் அழிக்கச் சொல்லியாவது கேட்கலாம்.

காலையில் கடல் பக்கமிருந்து வெயில் ஏறும்போது கொட்டகையின் நிழல் ஏரிப் பக்கத்து மணலில் நீளமாக விழும். அந்த நிழலில்தான் அவர்கள் இறால் கூடையை வைத்துக்கொண்டு குந்துவார்கள். வெயில் ஏற ஏற நிழல் கொட்டகையைப் பார்த்துப் பின்வாங்கும். அவர்களும் கூடையை இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நகர்வார்கள். ஒரு கட்டத்தில் நிழல் தூணைத் தாண்டி உள்ளே போய்விடும். நிழலை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அன்றும் ஜெயம்மா அப்படி நகர்ந்து நகர்ந்து தூணடிக்கு வந்திருந்தாள்.

"ஏ ஜெயம்மா, கால உள்ள வெச்சிட்ட பாரு" என்றான் ரஞ்சித்குமார். குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தின் சார்பில் ஏலம் கூவுகிறவன் அவன். கெட்டவன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நண்டுமேட்டில் யாருக்காவது பிரசவ வலி என்றால் தன் வண்டியைக் கொடுத்து அனுப்புவான். தூணுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதில் மட்டும் இரும்பு.

"வெரலுதானேப்பா வந்துச்சி. அதுக்குமா?"

"இன்னிக்கி வெரலு, நாளைக்கி ஆளு, அப்பால உங்க சனமே வந்து குந்திக்கும். எடுமே."

அவள் காலை எடுத்துக்கொண்டாள். எதிரே வியாபாரி சுபாஷ் அவள் கூடைக்குள் கையை விட்டு ஓர் இறாலைத் தூக்கிப் பார்த்தான். "தல தொங்கிடுச்சேம்மா. ஐஸ்ல வெச்சிருந்தா வேற வெல போட்டிருப்பேன்."

"ஐஸு உள்ள கீது. நாங்க வெளிய கீறோம். ஐஸ இப்டி வெளிய இட்டாயேன்."

"நான் யாவாரி. ஊர் வம்பு எனக்கெதுக்கு?" என்றான் சுபாஷ். தலை தொங்கிய இறாலுக்கு உண்டான விலையைப் போட்டுவிட்டுப் போனான்.

நண்டுமேட்டில் இருப்பவர்கள் இருளர்கள். அவர்களுக்கு வலை இல்லை, படகு இல்லை. பெண்கள் ஏரியில் கழுத்தளவுக்கு இறங்கிச் சேற்றில் முழங்காலால் நகர்ந்து போவார்கள். இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, விரலில் படுகிற இறாலைப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் பனையோலைக் கூடையில் போடுவார்கள். அந்தக் கூடைக்குப் பறி என்று பெயர். குப்பத்துக் கணக்கில் இதெல்லாம் மீன்பிடியே இல்லை. வலை வைத்திருப்பவனுக்குத்தான் ஏரியில் மீன் பிடிக்க முறை, முறை இருப்பவனுக்குத்தான் ஏலத்தில் இடம். இது கொட்டகை வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற கட்டு. கொட்டகை வந்ததும் கட்டும் கூடவே உள்ளே வந்து குந்திக்கொண்டது.

இதில் ஜெயம்மாவுக்கு வயிற்றெரிச்சல் எது என்றால், அந்தக் கொட்டகையைக் கட்டியது குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்து இல்லை, அரசாங்க ஊராட்சி. அவள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், திறப்பு விழாவில் ரிப்பனுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். கொட்டகையின் நெற்றியில் எழுதிய பெயர்களில் அவள் பெயரும் ஒன்று. தன் பெயர் போட்ட கூரைக்கு வெளியே வெயிலில் குந்தியிருக்கிற உறுப்பினர் இந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மறுநாளே ஊராட்சி ஆபீசுக்குப் போய்த் தலைவர் தருமலிங்கத்தைப் பிடித்தாள். அவர் குப்பத்துக்காரர். வாயைத் திறந்தால் வெண்ணெய் வழியும்.

"எனக்கின்னா ஆச்சேபணை தங்கச்சி? எங்க நைனா கட்டுன வூடா அது? ஊரு ஒத்துக்கணுமே!"

"ஊருன்னா யாருண்ணா? நாங்க ஊரு இல்லியா?"

"அய்ய, நான் அப்டி சொல்வனா? ஊருன்னா…" அவர் மின்விசிறியைப் பார்த்தார். "ஊருதான்."

"கவர்மெண்டு கொட்டகைதானே அது?"

"கொட்டகை கவர்மெண்டு. உள்ள நடக்கறது ஊரு. எனக்கு ரெண்டும் வேணும் தங்கச்சி, நான் அங்கதானே குடும்பம் நடத்துறேன்? ஒண்ணு பண்ணு. கிராம சபையில வெச்சித் தீர்மானமா நிறைவேத்திக் குடு. நாளைக்கி ஊர்ல நாலு பேரு கேட்டா, சபை சொல்லிடுச்சி, என் கையில இன்னா கீதுன்னு நானும் சொல்லிக்குவேன்."

நல்ல யோசனை மாதிரிதான் இருந்தது. வெளியே வந்து பாதி வழி நடந்த பிறகுதான் அதிலிருந்த முள் தெரிந்தது. கிராம சபை நடப்பது குப்பத்துக் கோயில் மண்டபத்தில். நண்டுமேட்டு ஆட்கள் அந்த மண்டபத்தில் ஏறுவதில்லை. படிக்குக் கீழே மணலில் நிற்பார்கள். பதினோரு மணிக் கூட்டத்துக்கு அதிகாரி ஒரு மணிக்கு வருவார், சில சமயம் சாப்பிட்டுவிட்டு வருவார். அதுவரை நிற்க யாரால் முடியும்? கூலிக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். கடைசியில் உள்ளே பேசுவது யார், கை தூக்குவது யார் என்றுகூட வெளியே தெரியாது. கைதட்டல் மட்டும் கேட்கும்.

மகள் பூவிழிக்கு மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனி வேலை. அவளுடைய வார லீவு நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு ஜெயம்மா யூனியன் ஆபீசுக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு அம்மா அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள். அதுவே பெரிய விஷயம்.

"கிராம சபைய ஒவ்வொரு குடியிருப்புலயும் மாத்தி மாத்தி வைக்கணும்னு விதியே இருக்கேம்மா. நீங்க யாரும் கேட்டதில்லையா?"

கேட்டால்தான் விதி என்பது ஜெயம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வந்ததுதான் வந்தோம் என்று இன்னொன்றையும் சொன்னாள். "வர்ற ஆபீசருங்க சொன்ன நேரத்துக்கு வர்றதே இல்லீங்க. சனங்க நின்னு நின்னு பாத்துட்டுப் பொழப்பப் பாக்கப் போயிடுது. நேரத்துக்கு வரச் சொல்லுங்கம்மா."

அந்த அம்மா அதையும் குறித்துக்கொண்டாள்.

வேலை நடந்தது. காந்தி ஜெயந்தி அன்று காலை பதினோரு மணிக்குக் கிராம சபை, இடம் நண்டுமேடு என்று அறிவிப்பு வந்தது. நண்டுமேட்டுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. வேலிக்காத்தான் முள்ளை வெட்டி இடம் பண்ணினார்கள். பழவேற்காட்டிலிருந்து சாமியானாவும் நாற்காலியும் வந்தன. நண்டுமேட்டில் ஆள் அதிகம், குப்பத்துக்காரர்கள் இவ்வளவு தூரம் வரப்போவதில்லை, தங்கள் இடத்தில் தங்கள் கை உயர்ந்தால் தீர்மானம் தானாக நிறைவேறும். ஜெயம்மா இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கினாள்.

முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய தம்பி பெண்சாதி கீதா வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, நாளைக்கி மாளய அமாவாசை."

அதை ஜெயம்மாவும் நான்கு நாளாக நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். வாயால் சொன்னால் பெரிதாகிவிடும் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அமாவாசைக்கு ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இழுக்கும். கழுத்தளவு இருந்த இடம் இடுப்புக்கு வரும். கைக்குச் சேறு எட்டும், இறால் மாட்டும். அதைவிடப் பெரிய சங்கதி, மாளய அமாவாசைக்குக் குப்பத்தில் வலை இறக்க மாட்டார்கள். செத்துப்போனவர்களுக்குப் படையல் போடுகிற நாள் அது. மற்ற நாளில் நல்ல இடத்தில் எல்லாம் வலை கிடக்கும். கிட்டே போனால், "சேத்தக் கலக்கிட்டுப் போறாளுங்க பாரு" என்று துடுப்பை ஓங்குவார்கள். ஏரி மொத்தமும் நண்டுமேட்டுக்குச் சொந்தமாக இருப்பது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். போன மாதம் முழுக்கக் காற்று சரியில்லை. எத்தனையோ வீட்டில் கஞ்சி தண்ணியாகிவிட்டது.

"காலையில எறங்கிட்டு உச்சிக்குள்ள ஏறிடறோம்கா. நம்ம சபைக்கு நாமளே வராம இருப்போமா?"

பின்னால் இன்னும் சில பெண்கள் வந்து நின்றார்கள். எல்லாரும் ஜெயம்மாவின் வாயையே பார்த்தார்கள்.

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். குப்பத்துக்காரர்கள் படையல் முடித்துச் சாப்பிடாமல் நகர மாட்டார்கள். ஆபீசர் பதினோரு மணி என்றால் ஒரு மணி. அதற்குள் இவர்கள் கரையேறி முகம் கழுவி, துணியும் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

"சரி, போய்ட்டு வந்துருங்க. வெயிலு உச்சிக்கு வந்தா ஒருத்தியும் தண்ணியில இருக்கக் கூடாது, ஆமா."

உள்ளேயிருந்து பூவிழி கேட்டாள். "எம்மா, நேரத்துக்கு வந்துட்டா?"

"யாரு? ஆபீசரா?" ஜெயம்மா சிரித்தாள். கீதா சிரித்தாள். வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பின்னால் ஜெயம்மாவுக்கு நெஞ்சைக் கரிக்கும்.

மறுநாள் பதினோரு மணி அடிக்கும் முன்னாலேயே ஜீப்பு வந்து நின்றது.

தேவதர்ஷினி என்ற இளம் அதிகாரி இறங்கினாள். கூட்டத்தை நடத்தி வைக்க மேலேயிருந்து அனுப்புகிற அதிகாரியைப் பற்றாளர் என்பார்கள். இந்த முறை அவள்தான் பற்றாளர். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே தருமலிங்கத்தின் வண்டி. அதற்குப் பின்னால் குட்டியானை வண்டி நிறையக் குப்பத்து ஆட்கள், வெள்ளை வேட்டியும் நெற்றி விபூதியுமாக. படையலை விடியலிலேயே போட்டு முடித்துவிட்டார்கள். வலை இறங்காத நாள், வேறு வேலை இல்லை. வந்தவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நண்டுமேட்டு ஆட்கள் தூக்கிவந்து போட்ட நாற்காலி.

"இன்னா ஜெயம்மா, வூட்டுக்கு வந்திருக்கோம், டீத்தண்ணி கெடையாதா?" என்றான் ரஞ்சித்குமார்.

வந்தவர்களுக்கு ஊற்றாமல் எப்படி இருப்பது? ஜெயம்மா டீ ஊற்றினாள். தனக்கு எதிராகத் தூக்கப்போகிற கை ஒவ்வொன்றிலும் தானே டம்ளரை வைத்தாள். ஒருவர் வேட்டியில் கொஞ்சம் சிந்தியது. "பரவால்ல தங்கச்சி" என்றார் அவர், மரியாதையாக. அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

ஊராட்சிச் செயலர் தலைகளை எண்ணிவிட்டு, "கோரம் இருக்கு மேடம், ஆரம்பிக்கலாம்" என்றார். சபைக்கு வேண்டிய ஆள் குப்பத்தாலேயே நிறைந்துவிட்டது.

ஜெயம்மா முன்னால் ஓடினாள். "மேடம், எங்க சனம் தண்ணியில கீது மேடம். இப்ப வந்துடும். கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"பதினோரு மணின்னு அறிவிச்சிருக்கும்மா. மத்தியானம் எனக்கு இன்னொரு ஊராட்சி இருக்கு." பற்றாளர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "அதோட, அதிகாரிங்க நேரத்துக்கு வர்றதில்லன்னு இந்த ஊர்லேர்ந்துதான் புகார் வந்திருக்கு. சரியா பதினோரு மணிக்கு அங்க இருக்கணும்னு எனக்குக் கண்டிச்சுச் சொல்லி அனுப்பினாங்க."

"அந்தப் புகார் குடுத்தது நான்தான் மேடம்."

பற்றாளர் முகம் மலர்ந்தது. "அப்படியா? நல்ல காரியம் பண்ணீங்க."

இத்தனை வருஷம் வராத நேரத்துக்கு இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்கள். அதையும் ஜெயம்மாவே வாயைக் கொடுத்து வரவழைத்திருக்கிறாள். தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்ள அவளுக்குப் பிறத்தியார் கை தேவைப்படவில்லை.

"கொட்டகை விசயத்த மட்டும் கடைசியா எடுங்க மேடம். உங்க கால்ல வுழுறேன்."

"அதெல்லாம் வேணாம். கடைசியாவே எடுத்துக்கலாம்."

பெண்களைக் கூப்பிட்டு வர ஜெயம்மா பூவிழியைக் கரைக்கு ஓட்டினாள். பெண்கள் தூரத்துத் திட்டைத் தாண்டிப் போயிருந்தார்கள். தலைகள் மட்டும் மிதக்கிற தேங்காய் போலத் தெரிந்தன. அவர்கள் முகம் கரைப் பக்கம் இல்லை. வாயில் பறி, காதில் காற்று. பூவிழி துப்பட்டாவைக் கழற்றி வீசிக் கத்திக்கொண்டே கரையோரம் ஓடியது சாமியானாவிலிருந்து தெரிந்தது.

கூட்டம் ஆரம்பித்தது. செயலர் டெங்குக் கொசுவைப் பற்றி வாசித்தார். வாசித்து முடித்ததும் ஜெயம்மா எழுந்தாள்.

"கொசு மருந்து எங்க வார்டுக்கு எப்ப அடிப்பீங்க?"

செயலர் சொன்னார்.

"காலையிலயா சாயங்காலமா?"

அதையும் சொன்னார்.

"பெரிய மெசினா, முதுகுல மாட்டுற மெசினா? பொகையில கொழந்தைங்களுக்கு இருமல் வந்தா இன்னா பண்றது? ஆடு கோழிக்கு ஒண்ணும் ஆவாதே?"

அடுத்து மழைநீர்த் தொட்டி. ஜெயம்மா தொட்டியின் ஆழம் கேட்டாள், மூடி கேட்டாள், குழந்தை விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டாள். அடுத்து பிளாஸ்டிக். அதிலும் நான்கு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் அவள் கண் கரைக்குப் போய்ப் போய் வந்தது.

ரஞ்சித்குமார் டம்ளரைக் கீழே வைத்தான். "இன்னாமே, கொசுவுக்கும் குப்பைக்கும் இம்மா நேரமா? தண்ணியிலேர்ந்து ஆளு ஏறுற வரைக்கும் டபாய்க்கிறியா?"

குப்பத்து வரிசை முழுக்கச் சிரித்தது. தருமலிங்கம்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பற்றாளர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கடைசிப் பொருளுக்கு வருவோம்மா. சொல்லுங்க."

ஜெயம்மா பேசினாள். என்னென்னவோ பேச வேண்டும் என்று ராத்திரியெல்லாம் கோத்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துபோய்ச் சும்மா இருக்கிறதைச் சொன்னாள். "கொட்டகை எல்லாருக்கும் பொதுன்னு எழுதிக் குடுங்க. நாங்க ஒரு ஓரமா குந்தி எங்க எறாவ விப்போம். ஐஸு வாங்கி வெச்சிக்குவோம். வேற ஒண்ணும் கேக்கல. ஒரு பக்கத்துத் தூணு, அந்த நெழலு, அவ்ளோதான்."

ரஞ்சித்குமார் எழுந்தான். அவனும் மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், கொட்டகை சின்னது. வலக்காரங்களுக்கே எடம் பத்தல. அவங்களுக்குன்னு தனியா ஒண்ணு கவர்மெண்டு கட்டிக் குடுக்கட்டும். மொத ஆளா நாங்களே வந்து தூணு நட்டுத் தர்றோம்."

"தனியா!" ஜெயம்மா குரலை உயர்த்தினாள். "சுடுகாடு தனியா கீது. தண்ணிக் கொழா தனியா கீது. கோயிலுக்கு வந்தா நிக்கிற எடமே தனியா கீது. இன்னும் எத்தினி தனி தருவ நீ? மாளய அமாவாசையன்னிக்கிக் காலியாக் கெடக்குதே அந்தக் கொட்டகை, அன்னிக்குமா எடம் பத்தல?"

தருமலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, சபையின் கருத்தைக் கேட்போம் என்றார். ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நண்டுமேட்டில் கரையில் இருந்தது நடக்க முடியாத சில கிழடுகள், நிறைமாதப் பெண் ஒருத்தி, கூலிக்குப் போகாத ஓரிரு ஆண்கள். அவர்கள் கை உயர்ந்தது. கூடாது என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது வெள்ளை வேட்டி வரிசை மொத்தமும் உயர்ந்தது. ஒருவர் மட்டும் கையைத் தூக்காமல் தன் வேட்டியில் சிந்திய டீக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நிராகரிக்கப்பட்டதுன்னு எழுதிக்கலாமா மேடம்?" என்றார் செயலர்.

"எழுதாதீங்க!" ஜெயம்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க எடத்துல, எங்க சாமியானாவுல, எங்க சனம் இல்லாம எடுத்த முடிவு மேடம் இது. யாருக்கு எடம் வேணுமோ அவங்கள ஒரு வார்த்த கேக்காம இல்லேன்னு எழுதிடுவீங்களா? வேற எது வேணா எழுதுங்க. இல்லேன்னு மட்டும் எழுதாதீங்க."

பற்றாளர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு தருமலிங்கத்தைப் பார்த்தாள். "சம்பந்தப்பட்ட பெண்கள் வர முடியாததால ஒத்திவைப்புன்னு போடுங்க. அடுத்த சபையில மறுபடி வைக்கலாம். அதையும் இங்கேயே வைங்க."

"வெச்சிட்டாப் போச்சி" என்றார் தருமலிங்கம். ஒத்திப்போடுவதில் அவருக்கு எப்போதும் கஷ்டமில்லை.

அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். துணி மாற்றவில்லை, முகம் கழுவவில்லை. கழுத்துவரை கறுப்புச் சேறு. புடவை தொடையில் ஒட்டியிருந்தது. கழுத்தில் தொங்கிய பறிகளில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. கீதா முன்னால் ஓடிவந்தாள்.

"முடிஞ்சிடுச்சாக்கா?"

பற்றாளர் எழுந்து பையை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் உண்மையாகவே வருத்தப்பட்டாள். "ஏம்மா, இது உங்களுக்காக வச்ச கூட்டம். இதுக்காக ஒரு நாள் வேலைய விடக் கூடாதா?"

கீதா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "நீ வேலைய வுட்டுட்டா வந்திருக்கம்மா? இதுதானே உன் வேல?"

பற்றாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போய் ஜீப்பில் ஏறினாள். ஜீப்பு போன பிறகும் குப்பத்துக்காரர்கள் எழுந்திருக்கவில்லை. மிச்ச டீயைக் குடித்தபடி தருமலிங்கத்தோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் ஜெயம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீதானே உச்சிக்குன்னு சொன்ன?" "நேரத்துக்கு வர மாட்டாங்கன்னு சிரிச்சியே!" என்று ஆளுக்கொன்று. வெயில் உச்சியைத் தாண்டிவிட்டிருந்தது என்பதை யாரும் பேசவில்லை. தண்ணீர் வற்ற வற்ற இறால் மாட்டியிருக்கிறது, இன்னும் ஒரு தடவல், இன்னும் ஒரு தடவல் என்று நின்றுவிட்டார்கள். அவள் அங்கே இருந்திருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

"வாங்க" என்றாள் ஜெயம்மா. "எறா சாவுது. வந்து வித்துக்கங்க."

மணலில் விடுவிடுவென்று நடந்தாள். எல்லாரும் பின்னால் போனார்கள். கொட்டகை காலியாக இருந்தது. ஏலம் இல்லாத நாள், காவலுக்குக்கூட ஆளில்லை. ஜெயம்மா தூணைத் தாண்டி உள்ளே போய் நட்டநடுவில் குந்தினாள்.

"குந்துங்க."

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, ஈரப் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து குந்தினார்கள். சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. கீதா உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள்.

சுபாஷின் வண்டி வந்தது. மாளய அமாவாசைக்கு இறால் வருவது நண்டுமேட்டிலிருந்து மட்டும்தான், அது அவனுக்குத் தெரியும். ஐஸ் பெட்டியோடு இறங்கியவன் தூணுக்கு வெளியே நின்றுவிட்டான்.

"இன்னாம்மா இது? வெளிய வாங்க, எடுத்துக்கிறேன்."

"நீ உள்ள வாயேன்" என்றாள் ஜெயம்மா.

"உள்ள வந்து உங்ககிட்ட வாங்குனா நாளைக்கி ஊர்க்காரங்க எனக்கு ஒரு மீனு தருவாங்களா? பொழப்புல மண்ணப் போடாதம்மா. நல்ல எறாதான் கொண்டாந்திருக்கீங்க, உசுரோட கீது, நல்ல வெல தர்றேன். வெளிய வாங்க."

"யாரும் போவாதீங்க. அவனுக்கும் இன்னிக்கி வேற சரக்கு கெடையாது. வந்துதான் ஆவணும்."

சுபாஷ் வெயிலில் நின்று பீடி பற்றவைத்தான். பறிகளில் துள்ளல் குறைந்தது. ஒவ்வொருத்தியும் தன் பறிக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள். கடைசியில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"உனக்கின்னாக்கா, குந்திகினு இருப்ப. உன் பறி காலி."

ஜெயம்மா திரும்பிப் பார்க்கவில்லை. யார் சொன்னது என்று தெரிந்தால் நாளைக்கு அவளோடு பேச முடியாமல் போய்விடுமே. சொன்னது பொய்யும் இல்லை. அவள் இன்றைக்குத் தண்ணீரில் இறங்கவில்லை. சாகிற இறால் அவளுடையது இல்லை.

முதலில் ஒருத்தி எழுந்து போனாள். பிறகு இரண்டு பேர். பிறகு எல்லாரும். கீதாவும் போனாள். வெளியே சுபாஷ் தராசைத் தூக்கினான். ஜெயம்மா பெரிய கொட்டகையின் நடுவில் தனியாகக் குந்தியிருந்தாள். நிழல் அவளுக்கு மட்டும் போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்தது.

விற்று முடித்த கீதா காலிப் பறியோடு திரும்பி வந்து அவள் பக்கத்தில் தொப்பென்று குந்தினாள். "முட்டி வுட்டுப்போச்சிக்கா. அடுத்த சபை எப்பவாம்?"

"நவம்பர் ஒண்ணாந் தேதி. இங்கேயேதான்."

கீதா விரலை மடக்கினாள். தீபாவளி வருகிறது, அதற்கு மறுநாள். அவள் விரல் நின்றது. "அக்கா, அன்னிக்கும் அமாவாசை."

ஜெயம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று கீதா நினைத்தாள். அவள் அழவில்லை. கையை எடுத்தபோது கண் காய்ந்திருந்தது.

"பாதிப் பேரு தண்ணிக்கிப் போங்க" என்றாள். "பாதிப் பேரு சபைக்கி வாங்க. புடிச்சத ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கங்க."

"பங்கா?" கீதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நண்டுமேட்டில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. அவரவர் கை பிடித்தது அவரவர் அடுப்புக்கு. "என் கை புடிச்ச எறாவ நாற்காலியில குந்திகினு இருந்தவளுக்கு நான் ஏன் தரணும்?"

"அவ உனக்காகக் குந்தியிருப்பா."

"நான் அவளுக்காகச் சேத்துல கெடப்பேனா?"

விற்றுவிட்டு வந்த மற்றவர்களும் உள்ளே வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். பங்கு என்ற சொல் காதில் விழுந்ததும் ஆளுக்கு ஆள் கத்த ஆரம்பித்தார்கள். யார் தண்ணீருக்கு, யார் சபைக்கு? கைக்காரி ஒருத்தி நாலு பேர் பிடிக்கிறதைப் பிடிப்பாளே, அவளைச் சபைக்கு அனுப்புவது முட்டாள்தனம் இல்லையா? அப்போ ஒன்றும் பிடிக்கத் தெரியாதவளெல்லாம் போய்ச் சபையில் என்ன பேசுவாள்?

"கை தூக்கத் தெரிஞ்சாப் போதும்" என்றாள் ஜெயம்மா.

"ஏய், ஏந்துருங்க, ஏந்துருங்க!" ரஞ்சித்குமார் மணலில் வேகமாக வந்துகொண்டிருந்தான். பின்னால் இன்னும் சில வெள்ளை வேட்டிகள். "ஒத்திவெச்சிருக்குன்னுதானே சொன்னாங்க? இன்னிக்கே குடியேறிட்டீங்களா? ஜெயம்மா, நீயே இப்டிப் பண்ணா எப்டி?"

பெண்கள் ஜெயம்மாவைப் பார்த்தார்கள். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"போறோம்ப்பா. கத்தாத. பேசிகினு கீறோம்."

வெளியே மணல் கொதித்தது. கொட்டகையிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி, நிழல் இல்லாத இடத்தில் அவர்கள் மறுபடி குந்தினார்கள். கீதா புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

"சரி, பங்குன்னே வெச்சிக்குவோம். பெரிய எறா யாருக்கு? அதச் சொல்லு மொதல்ல."

"பெரிய எறாவ நீயே எடுத்துக்க, தாயே" என்றாள் ஜெயம்மா.

"அது எப்டி?" என்று இன்னொருத்தி பாய்ந்தாள். வெயிலில் குந்தியபடியே சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.